'ம' போட்ட நாளுகள்

வியாழக்கிழமை விடிய வேலைக்குப் போகக் கதவைத் திறந்தன். ஸ்னோ கொட்டி முடிஞ்சு வானம் வெளிச்சுக் கிடந்தது. படியில ரெண்டு அங்குலம் இருக்கும். நவம்பர் இருபதாம் திகதி. என்ர கொப்பியில இதுக்கு முன்னம் ஒரு வருசத்தில ஆக முந்தி ஸ்னோ கிடந்த நாள் 2010 நவம்பர் முப்பது. இது அதைவிடப் பத்து நாள் முந்திட்டுது. பஸ்ஸில போகேக்க யன்னல் கண்ணாடியில விரலால இருபது எண்டு எழுதி, ஆரும் பாக்கமுன்னம் அழிச்சுப்போட்டன்.

கொப்பியைப் பற்றி முதல் சொல்லவேணும். இல்லாட்டி இந்தக் கதை உங்களுக்கு விசர்க் கதை மாதிரித்தான் இருக்கும்.

2009 ஒக்ரோபர். நான் லண்டனுக்கு வந்து ரெண்டாம் வருசம். அகதிக் கேஸ் முடியேல்லை, வேலை செய்ய விடேல்லை. என்னை விசாரிச்ச பெட்டை நாலு மணித்தியாலம் திகதிதான் கேட்டவ. எந்தத் திகதி பிடிச்சவை, எந்தத் திகதி விட்டவை, எந்தத் திகதி வீட்டை விட்டு வெளிக்கிட்டனீர். நான் மாரி தொடங்க முந்தி எண்டன், மாமி செத்த கிழமை எண்டன், ஒரு செவ்வாயோ புதனோ எண்டன். பிறகு கடிதம் வந்துது. நீர் சொல்லுற திகதியள் ஒண்டோடொண்டு பொருந்தேல்லை, அதால உம்மை நம்ப ஏலாது எண்டு.

அந்தக் கிழமைதான் பின்வளவில சாமான் போடுற செட்டுக்குள்ள அந்தத் தேர்மாமீற்றரைக் கண்டன். முந்தி இருந்த ஆரோ வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது. வளைஞ்ச கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள சின்ன நீலக் குச்சி. இரவு எவ்வளவு குளிருக்குப் போச்சோ அந்த இடத்தில குச்சி நிண்டுவிடும். விடிய அதைப் பாத்து எழுதிப்போட்டு நடுவில இருக்கிற பட்டினை அமத்தவேணும். அமத்தினால் குச்சி பழையபடி கீழ வந்து அடுத்த இரவுக்கு ரெடி. அமத்தினாப் பிறகு, முதல் நாள் எவ்வளவு எண்டு அந்தச் சாமானிட்டக் கேக்க ஏலாது. எழுதினதுதான் மிச்சம்.

வேலியில ஆணி அடிச்சுக் கொழுவினன். ஒரு தடிச்ச சி.ஆர். கொப்பி வாங்கினன். திகதி, கிழமை, ஏழு மணி, எவ்வளவு. இனி ஆர் என்னட்டத் திகதி கேட்டாலும் என்னட்ட இருக்கு. அவ்வளவுதான் என்ர யோசினை.

மகாலிங்கம் அண்ணை அதே வீட்டில முன் அறை. என்னிலும் பன்ரெண்டு வயசு மூப்பு. அப்ப பெற்றோல் ஸ்டேசனில பின்னேர வேலை செய்தவர், இப்ப முழங்கால் ஏலாமல் வீட்டோட. அவருக்கும் இஞ்ச ஒருத்தரும் இல்லை, எனக்கும் இல்லை. என்ர அப்பீலுக்குச் சாட்சி சொன்னவர் அவர்தான். இன்ன திகதியில இவரை நான் வவுனியா பஸ் ஸ்டாண்டில கண்டனான், இவற்ற முகம் வீங்கிக் கிடந்தது எண்டு எழும்பி நிண்டு சொன்னார். அப்பீல் வெண்டுது. 2010 ஒக்ரோபரில எனக்கு றொம்ஃபோர்ட்டில ஒரு சூப்பர்மாக்கற்றில தட்டுகளில சாமான் அடுக்குற வேலை கிடைச்சுது. செவ்வாய், வியாழன், சனி. விடிய நாலு மணியிலயிருந்து எட்டரை மட்டும். அந்த மூண்டு நாளும் ஏழு மணிக்கு நான் வீட்டில இல்லை.

"அதுக்கென்ன, நான் பாக்கிறன்" எண்டார் அண்ணை. "நீ போய் வேலையைப் பார்."

நான் ஒண்டு மட்டும் கேட்டன். அவர் எழுதுற நாளுக்குப் பக்கத்தில 'ம' எண்டு போடச் சொல்லி. ஆர் பாத்தது எண்டு தெரியவேணும் தானே.

"என்னடா, இது கோட்டோ?" எண்டு சிரிச்சார். ஆனாப் போட்டார். பதினஞ்சு வருசமாப் போட்டார். கிழமைக்கு மூண்டு 'ம'. சங்கு மாதிரி வடிவான 'ம'.

ரோட்டில இருக்கிற ஆக்களுக்கு இது பகிடிதான். மெயின் ரோட்டில கடை வைச்சிருக்கிற புனிதா, நான் மரக்கறி எடுக்கப் போற நேரமெல்லாம் கேப்பா.

"அண்ணை, டிவிக்காரன் மைனஸ் ரெண்டு எண்டுறான். உங்கட வேலி என்ன சொல்லுது?"

"வேலி மைனஸ் மூண்டரை எண்டுது."

"அப்ப வேலியைத்தான் நம்பவேணும். டிவிக்காரன் எங்கயோ சூடான அறைக்குள்ள இருந்தெல்லோ சொல்லுறான்."

அவ பகிடியாத்தான் சொன்னவ. எனக்கு அது பகிடியா இருக்கேல்லை.

அந்தப் புனிதாவின்ர தங்கச்சி மகள்தான் மாலினி. இல்ஃபோர்ட்டில பிறந்த பிள்ளை. கொம்பியூட்டர் வேலை. சனி ஞாயிறில லைப்ரரியில கூடுற ஒரு வெதர் குழுவில இருக்கிறா. வீட்டுப் பின்வளவுகளில ஆக்கள் எழுதி வைச்ச குளிரையெல்லாம் சேத்து, ஒவ்வொரு வருசமும் நவம்பர் டிசம்பர் எப்பிடி இருந்தது எண்டு ஒரு புத்தகம் அடிக்கப்போகினமாம். இந்த மாசம் முதலாம் கிழமை அவ வந்து என்ர கொப்பியளைப் பாத்தா. ஒன்பது கொப்பி. ஒரு நாளும் விடுபடேல்லை. அவ ஒவ்வொரு பக்கமாப் பிரட்டினா.

"அங்கிள், இப்பிடி ஒருத்தரிட்டயும் இல்லை" எண்டா. "எங்கட சைட்டில ஆக மிஞ்சினால் ஏழு வருசம்தான் இருக்கு. இது பதினாறு. உங்கட நேம்தான் ஃபர்ஸ்ட் வரும். கே. கிருஷ்ணராசா, குட்மேய்ஸ்."

2010 டிசம்பர் பதினெட்டில அவ விரலை வைச்சா. மைனஸ் ஏழரை. கொப்பியில உள்ளதுக்குள்ள ஆகக் குளிரான நாள். பக்கத்தில 'ம'.

"இது ஆர்?"

"மகாலிங்கம் அண்ணை. நான் வேலைக்குப் போற நாளில அவர் பாப்பார்."

"ஓகே. அதுக்கும் ஃபோமில இடம் இருக்கு." அவ ஒரு பேப்பர் தந்தா. இந்த வாசிப்புகள் எல்லாம் நானோ, நான் நம்புற ஒருவரோ நேர போய்ப் பாத்து எழுதினது எண்டு இங்கிலீசில ஒரு வரி. கீழ என்ர கையெழுத்துக்கு ஒரு கோடு. இருபத்திமூண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமைக்கிடையில அனுப்பவேணும்.

நான் அண்டைக்கே கையெழுத்து வைச்சிருப்பன். நல்ல பேனையால வைக்கவேணும் எண்டு விட்டுட்டன்.

அந்தப் பேப்பர் குசினி அலுமாரியில கிடக்கேக்கதான் ஸ்னோ விழுந்தது.

ஒம்பது மணிக்கு நான் திரும்பி வந்தன். முன்பக்கத்தால வரேக்க, நான் விடிய இறங்கிப்போன அடி அப்பிடியே கிடந்தது. சப்பாத்தின்ர கோடு கோடான அச்சுக்கூட அழியேல்லை. அதுக்குப் பிறகு ஒரு துளியும் விழேல்லை எண்டு விளங்கினது. நல்லது, அளக்கலாம் எண்டு நினைச்சன்.

குசினியில அண்ணை பாணைத் தேத்தண்ணியில தோச்சுக்கொண்டிருந்தார்.

"ராசா, பாத்தியோ? உன்ர மாமி வந்திட்டா" எண்டார். ஸ்னோவுக்கு அவர் வைச்ச பேர் அது. வந்தால் ஒரு வேலையும் செய்ய விடாது எண்டு.

"எவ்வளவு அண்ணை?"

"மைனஸ் ஒண்டரை. எழுதியிருக்கு."

கொப்பியைப் பாத்தன். 20, வியாழன், 7 மணி, மைனஸ் ஒண்டரை, 'ம'. வழமையா நான் இதைப் பாத்திட்டு மேல போய்ப் படுத்திடுவன். ரெண்டு மணிக்குத்தான் எழும்புவன். அண்டைக்கு ஸ்னோ எத்தினை அங்குலம் எண்டு அளக்கவேணும். லாச்சியிலயிருந்து அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தன்.

பின்வளவு வெள்ளைத் துணி விரிச்ச மாதிரிக் கிடந்தது. கதவடியிலயிருந்து வேலி மட்டும் ஒரு அடி இல்லை. நரி ஒண்டு மட்டும் குறுக்கால போயிருந்தது, சின்னச் சின்னப் பள்ளமா, ஒரு வீட்டு வேலிக்குக் கீழால வந்து மற்ற வீட்டு வேலிக்குக் கீழால போயிருந்தது. தேர்மாமீற்றர்ப் பக்கம் அது திரும்பேல்லை.

நான் படியில நிண்டன். பக்கத்து ஒழுங்கையால சுத்தி வந்திருப்பாரோ எண்டு யோசிச்சன். ஒழுங்கைப் பக்கக் கதவுக்கு முன்னால ரெண்டு அங்குலம் அப்பிடியே நிண்டது, திறந்திருந்தால் வழிச்சிருக்கும். பிறகு இறங்கி நடந்தன். பதினெட்டு அடி. அந்த வளவில முதல் அடி என்ர அடி. குச்சி மைனஸ் நாலில நிண்டது.

நான் பட்டினை அமத்தேல்லை. உள்ளுக்க வந்தன்.

"அண்ணை, நீங்கள் இண்டைக்கு வெளிய போனனீங்களோ?"

"ஓம்."

"எதால?"

அவர் பாணைத் தோச்சபடி என்னைப் பாத்தார். பிறகு திறந்து கிடந்த பின்கதவைப் பாத்தார். அதால வளவு முழுக்கத் தெரிஞ்சது. என்ர போற அடியும் வாற அடியும்.

"நரிதான் பாத்துச் சொன்னதோ?" எண்டு கேட்டன்.

பாண் ஊறி உடைஞ்சு தேத்தண்ணிக்குள்ள விழுந்துது. அவர் கரண்டி எடுத்து அதை அள்ளினார். அவசரப்படாமல் அள்ளினார்.

"கதவைச் சாத்து ராசா. குளிர் வருது."

"குளிர் மைனஸ் நாலு அண்ணை. ஒண்டரை இல்லை."

"சரி. ரெண்டரை பிழைச்சுப்போச்சு. வழமையா இவ்வளவுக்குப் பிழைச்சிராது."

அந்த 'வழமையா'வில நான் கதிரையில இருந்திட்டன்.

"எப்ப தொடக்கம்?"

"உனக்கு நித்திரை வரேல்லையோ? படுத்தெழும்பிக் கதைப்பம்."

"எப்ப தொடக்கம் அண்ணை?"

அவர் கையைத் துடைச்சார். "2011 தையில அந்தப் பின்படியில சறுக்கி விழுந்தனான். உனக்குச் சொல்லேல்லை. முழங்கால் அண்டைக்குத்தான் போனது. வேலை செய்யிற இடத்தில பெட்டி தூக்கிப் போனது எண்டு சொன்னனான். ஒருத்தரும் இல்லாத வீட்டில அரை மணித்தியாலம் நிலத்தில கிடந்தனான், ராசா. அதுக்குப் பிறகு விடியக்காலமை அந்தப் படியில கால் வைக்க எனக்கு ஏலாது. பயம். வயசு போன மனிசன், பயம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"சொல்லியிருந்தால் அந்த நாளை வெறுமனே விட்டிருப்பன்."

"விட்டிருக்கமாட்டாய். நீ வேலையை விட்டிருப்பாய்."

அது உண்மை.

"அப்ப எழுதினது?"

"முதல் டிவியில பாத்தன். பிறகு போன் வந்துது. போனில உள்ளதில ஒண்டரை குறைப்பன். எங்கட வளவு ஒண்டரை கூடக் குளிர் எண்டு நீதானே சொல்லுறனி. இண்டைக்குப் போன் சைபர் எண்டுது. அவன் பிழையாச் சொன்னதுக்கு நான் என்ன செய்ய?" அவருக்கு அதில ஒரு பெருமை இருந்த மாதிரிக்கூட எனக்குப் பட்டது. "உன்ர நாளுகளோட பொருந்துதோ எண்டு பாத்துத்தான் எழுதுறனான். ஒரு நாளும் உனக்குச் சந்தேகம் வரேல்லை தானே."

"பட்டின்? ஆரும் அமத்தாட்டி அடுத்த நாள் எனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"மத்தியானம் நீ படுத்திருக்கேக்க, வெயில் பட்டுப் படி காஞ்சாப்போல, சிகரெட் பத்தப் போவன். அப்ப அமத்திவிடுவன்."

"அப்ப பாத்திருக்கலாமே. குச்சி அங்கதானே நிண்டிருக்கும். பாத்துத் திருத்தியிருக்கலாமே."

அவர் நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார். "நீ ஒம்பது மணிக்கு வந்தவுடன சப்பாத்தும் கழட்டாமல் கொப்பியைத்தான் பாப்பாய். பிறகு வெட்டித் திருத்தினால் ஏன் எண்டு கேப்பாய். அதால நான் அதைப் பாக்கிறேல்லை. முகத்தை அங்கால திருப்பிக்கொண்டுதான் அமத்துறனான்."

பதினஞ்சு வருசம். கிழமைக்கு மூண்டு நாள். உண்மை ஒவ்வொரு நாளும் மத்தியானம் மட்டும் அந்த வேலியில காத்துக்கொண்டு நிண்டிருக்குது. இவர் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழிச்சிருக்கிறார்.

"நான் ஏன் இந்தக் கொப்பி எழுதுறன் எண்டு உங்களுக்குத் தெரியும்" எண்டன். "உலகத்தில உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் நீங்கள் பொய்த் திகதி எழுதினனீங்கள்."

அவர் நிமிந்தார். அண்டைக்கு முதல் தரமா அவற்ற குரல் மாறினது.

"திகதி சரிதான், நம்பர்தான் பொய். திகதியைப் பற்றி நீ என்னோட கதைக்காத. கோட்டில நான் ஒரு திகதி சொன்னனான். மார்ச் பதினாலு, வவுனியா பஸ் ஸ்டாண்ட். அண்டைக்கு உன்னைக் கண்டனானோ? நான் உன்னைக் கண்டது அந்தக் கிழமையில ஒரு நாள். எந்த நாள் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. நீ பதினாலு எண்டு சொன்னாய். நான் பதினாலு எண்டு சொன்னன். அப்ப உனக்கு அது பிரச்சினையா இருக்கேல்லை."

"அது உண்மை அண்ணை. பதினாலுதான். நான் அங்கதான் நிண்டனான்."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? நீ சொன்னாய், நான் நம்பினன். சத்தியம் பண்ணிச் சொன்னனான், ராசா."

பிரிட்ஜ் ஒருக்கா உதறி நிண்டுது. நான் கடைசியா ஒண்டு கேட்டன். கேக்காமல் விட்டிருக்கலாம்.

"2010. டிசம்பர் பதினெட்டு. சனிக்கிழமை. மைனஸ் ஏழரை."

"அது விழ முந்தி. அண்டைக்கு நான் போனனான்."

"நிச்சயமோ?"

"போனனான் எண்டு சொல்லுறன் தானே. மூக்குக்குள்ள மயிர் விறைச்சுது. நீ வந்து பாத்திட்டு என்னைக் கட்டிப்பிடிச்சனி."

ஓம், கட்டிப்பிடிச்சனான். ஜாக்கெட்டோட, சப்பாத்தோட. அந்த நாள் எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. ஸ்னோ தொடங்கினது பத்து மணிக்குப் பிறகு. ஏழு மணிக்கு நிலம் வெறுசா இறுகிக் கிடந்திருக்கும். யானை நடந்திருந்தாலும் அடி விழுந்திராது.

"சனிக்கிழமை நீங்கள் பாக்கத் தேவையில்லை" எண்டு சொல்லிப்போட்டு, திரும்ப வேலிக்குப் போய்ப் பட்டினை அமத்திப்போட்டு மேல போனன். நித்திரை வரேல்லை.

வெள்ளிக்கிழமை என்ர நாள். நானே போய்ப் பாத்து எழுதினன், மைனஸ் மூண்டு. பிறகு ஒன்பது கொப்பியையும் கட்டிலில பரப்பி, சிவப்புப் பேனையும் அடிமட்டமும் வைச்சுக்கொண்டு, ஒவ்வொரு வருசத்தின்ர நவம்பரையும் டிசம்பரையும் எடுத்து 'ம' போட்ட நாளையெல்லாம் கோடு கீறி வெட்டினன். முந்நூற்றி எழுபத்தஞ்சுக்குக் கிட்ட. வெட்ட வெட்டப் பக்கம் பல்லுப் போன வாய் மாதிரி வந்துது. 2017 டிசம்பர் பன்ரெண்டு, மைனஸ் அஞ்சு, அந்த நாளை நான் புனிதாவின்ர கடையில எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன். அதுவும் 'ம'. ஒரு இடத்தில அவர் 'ம'வுக்குப் பக்கத்தில சின்னதா ஒரு பூக் கீறியிருந்தார். என்ர பிறந்தநாள். அதையும் வெட்டினன். அந்தப் பூவும் கட்டிலில இருந்து கீறினதுதான் எண்டு நினைச்சன்.

கடைசியா 2010 வர அடிமட்டத்தைக் கீழ வைச்சிட்டன். அது விழ முந்தின காலம். அவர் போனனான் எண்டுறார். மைனஸ் ஏழரையைப் பாத்துக்கொண்டிருந்தன். அந்த வருசம் அவரிட்ட அந்தப் போன் இல்லை. டிவி இருந்தது. டிவியில அண்டைக்கு என்ன சொன்னவங்கள் எண்டு இனி ஆருக்குத் தெரியும்? நான் வெட்டேல்லை. விட்டும் வைக்கேல்லை. பேனையை மூடி வைச்சன்.

அண்டைக்கு அவர் வைச்ச கத்தரிக்காய்க் கறியை நான் தொடேல்லை. பாண் வாங்கி அறையில வைச்சுச் சாப்பிட்டன். அவர் ஒருக்கா வந்து கதவடியில நிண்டார். கால் நிழல் கதவுக்குக் கீழால தெரிஞ்சது. தட்டாமல் போயிட்டார்.

சனிக்கிழமை நல்லா இறுகினது. வியாழன் விழுந்த ஸ்னோ உருகாமல் சீனிக்கட்டி மாதிரிக் கிடந்தது. வெள்ளிப் பின்னேரம் அதுக்கு மேல புதுசா ஒரு விரல் பருமன் தூவியிருந்தது. வேலையில ஏழு மணி பிரேக்கில போனை எடுத்துப் பாத்தன். மைனஸ் நாலு எண்டு போட்டிருந்தான். என்ர கொப்பியில நவம்பர் மாசத்தில ஆகக் குறைஞ்சது மைனஸ் அஞ்சு, 2010 நவம்பர் இருபத்தொன்பது, திங்கள், நான் பாத்தது. இண்டைக்கு அதைத் தாண்டும் எண்டு மனம் சொன்னது. நான் றொம்ஃபோர்ட்டில தக்காளி ரின் அடுக்கிக்கொண்டு நிண்டன்.

மனேச்சரிட்டக் கேட்டுப் பத்து நிமிசம் முந்தி வெளிக்கிட்டு ஓடி வந்தன். அவர் பட்டினை அமத்தாட்டி குச்சி நிக்கும். ஒம்பது மணிக்கு நான் பாத்தாலும் அது இரவுக் குளிர்தான். என்ர வாசிப்பு.

பின்கதவைத் திறந்தன்.

அடி கிடந்தது. கதவிலயிருந்து வேலிக்கு, வேலியிலயிருந்து கதவுக்கு. வீட்டுச் செருப்பின்ர தட்டை அடி, ஒரு கால் நேராயும் மற்றக் கால் இழுபட்டும். அந்தப் படிக்குப் பக்கத்தில ஒரு கை அச்சு. அஞ்சு விரலும் ஆழமாப் பதிஞ்சிருந்தது. சறுக்கினவர் கையை ஊண்டி எழும்பியிருக்கிறார்.

நான் அவற்ற அடிக்குப் பக்கத்தால நடந்து வேலிக்குப் போனன். குச்சி இறங்கியிருந்தது. அமத்தியாச்சு. எழுதினவுடன அமத்தவேணும் எண்டு நான் பழக்கின மாதிரியே வடிவா அமத்தியாச்சு.

குசினியில கொப்பி மூடிக் கிடந்தது. அதுக்கு மேல ஒரு துண்டுக் கடுதாசி. 22, சனி, 7 மணி, மைனஸ் அஞ்சரை. 'ம' போடேல்லை.

அண்ணை ரேடியேற்றரடியில கதிரை போட்டு இருந்தார். செருப்பு ரெண்டும் அதுக்கு மேல கிடந்து சொட்டிக்கொண்டிருந்தது. வலக்கையை மடியில பொத்தி வைச்சிருந்தார். உள்ளங்கை உரஞ்சியிருந்தது.

"ரெக்கோர்ட் எல்லோ" எண்டார். மெல்லமாத்தான் சொன்னார். "நவம்பருக்கு."

நான் கடுதாசியைப் பாத்துக்கொண்டு நிண்டன். மைனஸ் அஞ்சரை. போன் சொன்னது மைனஸ் நாலு. அதில ஒண்டரை குறைச்சால் மைனஸ் அஞ்சரை.

அவர் போனது உண்மை. கையை ஊண்டினது உண்மை. குச்சியைப் பாத்தவரோ, இல்லை முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு அமத்தினவரோ? வியாழக்கிழமை போகாமல் விட்டவர் குச்சியை எனக்கு விட்டு வைச்சார், இண்டைக்குப் போனவர் எனக்கு ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை.

போன் அடிச்சுது. மாலினி.

"அங்கிள், குட் மோர்னிங். ஃபோம் இன்னும் வரேல்லை. நாளைக்குக் கடைசி. இண்டைக்கு எல்லாரும் கேக்கினம், ட்வென்ரி ரென்னை விடக் குளிரோ எண்டு. உங்கட ரீடிங் என்ன?"

அண்ணை என்னைப் பாத்துக்கொண்டிருந்தார். ரேடியேற்றருக்குக் கீழ சின்னதா ஒரு தண்ணிக் குட்டை.

"இண்டைக்கு நான் வேலைக்குப் போயிட்டன் பிள்ளை. வாசிப்பு இல்லை."

"ஓ. மற்ற அங்கிள் பாக்கேல்லையோ?"

"இல்லை. நான் அனுப்புறதில என்ர நாள் மட்டும்தான் வரும். செவ்வாய், வியாழன், சனி வராது. ஒரு வருசத்திலயும் வராது."

"அப்ப சீரீஸ் உடையுமே அங்கிள். அப்பிடியெண்டால் ஃபர்ஸ்ட் பேஜில போட ஏலாது. அந்த மைனஸ் ஏழரை? அது சற்றர்டே எல்லோ."

"அந்த நாளும் இல்லை பிள்ளை."

"ஆர் யூ ஷுவர்?"

"ஓம்."

போனை மேசையில வைச்சன். அண்ணை எழும்பி, செருப்பைப் பிரட்டி மற்றப் பக்கம் காய வைச்சார். வலக்கையைப் பாவிக்காமல் இடக்கையால செய்தார்.

"நான் அண்டைக்குப் போனனான், ராசா" எண்டார். "2010இல."

"இருக்கலாம் அண்ணை."

அவர் தலையாட்டினார். பிறகு கேத்திலில தண்ணி பிடிச்சார். ரெண்டு கோப்பை எடுத்தார், ஒண்டைத் திரும்ப அலுமாரியில வைச்சார்.

நான் கொப்பியைத் திறந்து 22, சனி எண்டு எழுதினன். அதுக்குப் பக்கத்தில ஒண்டும் எழுதேல்லை. அந்தத் துண்டுக் கடுதாசியை எறியவும் மனம் வரேல்லை. மடிச்சு அந்தப் பக்கத்துக்குள்ள வைச்சு மூடினன். நாளைக்கு ஞாயிறு, என்ர நாள்.